திடீரென 'ஸ்லோ' ஆன கம்ப்யூட்டர்: பார்மட் போடும் முன் பைல்களை காப்பாற்றுவது எப்படி?

புதுச்சேரி,

காலை 9 மணி. காமராஜர் சாலை பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். ஷட்டரை தூக்கியாச்சு. சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியாச்சு. கம்ப்யூட்டர் பட்டனையும் தட்டியாச்சு. நேற்று வரை 1 நிமிடத்தில் வந்த திரை இன்று வரவில்லை.

3 நிமிடம் போகிறது. புள்ளிகள் வட்டம் போட்டு சுற்றிக்கொண்டே இருக்கின்றன. 'சென்டாக்' விண்ணப்பம் போட மகளுடன் வந்த அம்மா, ''தம்பி, இன்னைக்குத்தான் கடைசி நாள்பா'' என்று தவிக்கிறார். அவருக்கு பின்னால் பிரெஞ்சு பென்ஷன் காகிதத்தை ஸ்கேன் செய்ய வந்த பெரியவர் நிற்கிறார். 8 நிமிடம் கழித்துதான் திரை வருகிறது. அதற்குள் 2 பேர் பக்கத்து கடைக்கு போய்விட்டார்கள்.

இது கற்பனை கடைதான். ஆனால் இந்த அவஸ்தை புதுவையில் டி.டி.பி. சென்டர், மெடிக்கல் ஷாப், மளிகை மொத்த வியாபாரம், லாரி ஆபீஸ் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் வரக்கூடியது. அந்த நேரத்தில் பலர் செய்யும் முதல் தப்பு, 'பார்மட் போட்டா சரியாகிடும்' என்று கிளம்புவது. பல வருட உழைப்பு ஒரே மதியத்தில் அழிந்து போவது இப்படித்தான்.

கம்ப்யூட்டர் எதனால் திடீரென படுத்துகிறது? வீட்டிலேயே எப்படி கண்டுபிடிப்பது? காசு செலவு செய்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? அதன் விவரம் வருமாறு:-

மெதுவாவது வேறு, திடீர் வேறு

கம்ப்யூட்டர் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாவது சகஜம். புதுப்புது சாப்ட்வேர் போடுகிறோம். டிரைவ் நிறைகிறது. மனுஷனுக்கு வயசு ஆவது மாதிரி அது.

ஆனால் நேற்று நன்றாக ஓடியது இன்று திடீரென மக்கர் செய்தால், அது வயசு கோளாறு இல்லை. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. புது சாப்ட்வேர் ஏறியிருக்கலாம். அப்டேட் வந்திருக்கலாம். பென் டிரைவை பிடுங்க மறந்திருக்கலாம். இல்லை என்றால், உள்ளே ஒரு பாகம் சாக ஆரம்பித்திருக்கலாம்.

கடைசியாக சொன்னதுதான் ஆபத்து. சாகும் பாகம் ஹார்டு டிஸ்க் என்றால், நமக்கு இருப்பது சில மணி நேரமா, சில வாரமா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே காரணம் தெரியும் வரை, 'டிஸ்க் போகப்போகிறது' என்று நினைத்து நடந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். காரணம் வேறாக இருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கையில் ஒரு காப்பி கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான்.

உள்ளே சுற்றும் தட்டு

பழைய டெஸ்க்டாப்களில் இருப்பது சுற்றும் ஹார்டு டிஸ்க். அதற்குள் பளபளவென்று தட்டுகள் இருக்கும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கில் அந்த தட்டு நிமிடத்துக்கு 7 ஆயிரத்து 200 முறை சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 120 சுற்று. அதன் மேல் ஒரு சின்ன ஊசி போன்ற 'ஹெட்', தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்தபடி எழுதும், படிக்கும்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956-ம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் கொண்டு வந்தது. 50 தட்டுகள் கொண்ட அந்த பெரிய எந்திரத்தில் பிடித்தது வெறும் 5 மெகாபைட்தான். இன்று செல்போனில் எடுக்கும் 2 போட்டோவுக்கு கூட அது போதாமல் போகலாம். அளவு எவ்வளவோ மாறினாலும், சுற்றும் தட்டு, மிதக்கும் ஹெட் என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

தட்டில் ஒரு இடம் கெட்டுப்போனால் ஹெட் உடனே கைவிடாது. அதே இடத்தை திரும்ப திரும்ப படித்துப்பார்க்கும். ஒவ்வொரு கெட்ட இடத்துக்கும் பல நொடிகள் போகும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான பைல்களை படிக்க வேண்டும். வழியில் இப்படி நாலு பள்ளம் இருந்தால் 1 நிமிட வேலை 8 நிமிடம் ஆகிறது. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு 'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்று மட்டும் தெரிகிறது.

39 மடங்கு ஆபத்து

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ம் ஆண்டு ஒரு அறிக்கை வெளியிட்டனர். படிக்க முடியாத இடம் ஒன்று முதல்முறையாக தென்பட்ட டிஸ்க், அப்படி எதுவும் தென்படாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் நின்றுபோக 39 மடங்கு அதிக வாய்ப்பு இருக்கிறது என்பது அதில் தெரியவந்தது.

அதே அறிக்கையில் இன்னொரு பகீர் தகவலும் உண்டு. டிஸ்க்கின் உடல்நிலையை அதுவே சொல்லும் 'ஸ்மார்ட்' என்ற வசதி இருக்கிறது. ஆனால் நின்றுபோன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, அந்த வசதியின் முக்கியமான 4 எச்சரிக்கைகளில் ஒன்றை கூட காட்டாமலேயே போயிருக்கின்றன. 'டெஸ்ட்ல நல்லா இருக்குன்னு காட்டுது' என்பதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

முதல் வேலை, காப்பி

கம்ப்யூட்டர் எத்தனை நிமிடம் கழித்து வந்தாலும், வந்த உடனே முக்கியமான பைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும். சினிமா, பாட்டு எல்லாம் அப்புறம். திரும்ப உருவாக்க முடியாதது எதுவோ அதுதான் முதலில். குழந்தை போட்டோ, வாடிக்கையாளர் கணக்கு, டேலி டேட்டா, ஸ்கேன் செய்த பத்திரம், ஜி.எஸ்.டி. பில் ஆகியவற்றை முதலில் எடுக்க வேண்டும்.

இங்கே 3 இடத்தில் ஏமாந்து விடுகிறார்கள்.

ஒன்று: 'நான் எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன்' என்ற தைரியம். பெரும்பாலான கம்ப்யூட்டரில் சி, டி, இ என்பது ஒரே ஹார்டு டிஸ்க்கின் 3 அறைகள்தான். வீடு இடிந்தால் 3 அறையும் சேர்ந்துதான் இடியும். காப்பி என்றால் அது வேறு பொருளில் இருக்க வேண்டும். வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், இன்னொரு கம்ப்யூட்டர், கூகுள் டிரைவ் என்று எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு: டெஸ்க்டாப் திரையில் இருக்கும் பைல். திரையில் தெரிகிறதே தவிர, அது வழக்கமாக இருப்பது சி டிரைவில்தான். 'மை டாக்குமெண்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' இரண்டும் அப்படியே. பார்மட் போட்டால் முதலில் போவது இவைதான்.

மூன்று: தமிழ் எழுத்துருக்கள். டி.டி.பி. கடைக்காரர்கள் இதை முக்கியமாக கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கல்யாண பத்திரிகை, நோட்டீஸ், கருமாதி கார்டு எல்லாம் அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாக தெரியும். பார்மட் போட்டதும் எழுத்துரு போய்விடும். பைல் பத்திரமாக இருந்தாலும், திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக கொட்டிக் கிடக்கும். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் 'பான்ட்ஸ்' என்று ஒரு போல்டர் இருக்கிறது. அதையும் சேர்த்து காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பி முடியும் வரை 'டிஸ்க் செக்', 'டிப்ராக்' போன்ற வேலைகளில் இறங்கக்கூடாது. சாகக்கிடக்கும் டிஸ்க்கை முழுசாக உருட்டினால் மிச்ச உயிரும் போய்விடும். உள்ளே இருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால், கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். அதில் உள்ள பைல் உயிர்போல முக்கியம் என்றால், மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல் டேட்டா எடுத்துக்கொடுக்கும் அனுபவசாலியிடம் நேராக கொண்டுபோக வேண்டும்.

செல்போன் கடிகாரம் போதும்

காப்பி எடுத்தாச்சு. இனி நிதானமாக காரணம் தேடலாம். இதற்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம். செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

கம்ப்யூட்டர் எழுந்திருப்பது 3 கட்டமாக நடக்கிறது. பட்டனை தட்டியது முதல் கம்பெனி பெயர் தெரியும் வரை முதல் கட்டம். விண்டோஸ் சின்னமும் சுற்றும் புள்ளிகளும் இரண்டாம் கட்டம். பாஸ்வேர்டு போட்ட பிறகு, மவுசை தட்டினால் உடனே வேலை செய்யும் நிலை வரும் வரை மூன்றாம் கட்டம்.

எந்த கட்டத்தில் நேரம் போகிறது என்று ஒரு துண்டு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். மெக்கானிக்கிடம் போனாலும் 'ஸ்லோவா இருக்கு' என்று பொத்தாம்பொதுவாக சொல்வதைவிட, 'கம்பெனி பேர் வர்றதுக்கே 2 நிமிஷம் ஆகுதுண்ணே' என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். நமக்கும் செலவு குறையும்.

முதல் கட்டம்: விண்டோஸ் மேல் தப்பு இல்லை

கம்பெனி பெயர் வரும் இடத்திலேயே நின்றால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. இந்த இடத்தில் பார்மட் போட்டால் பிரயோஜனம் இல்லை.

முதலில் பின்னாலும் முன்னாலும் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பென் டிரைவ், கார்டு ரீடர், சார்ஜ் போட்ட செல்போன், பிரிண்டர், விரல் ரேகை எந்திரம் என எல்லாம் வெளியே வரட்டும். கீபோர்டும் மவுசும் மட்டும் போதும். இப்போது வேகமாக வந்தால், ஒவ்வொன்றாக சொருகி ஆளை பிடித்துவிடலாம். பென் டிரைவில் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடியே நேரம் போக்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

அடுத்து தேதியை பாருங்கள். கீழே மூலையில் பல வருடம் பழைய தேதி காட்டினால், மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். காசு அளவில் இருக்கும் அந்த 3 வோல்ட் பேட்டரிக்கு சி.ஆர்.2032 என்று பெயர். விலை சில பத்து ரூபாய்தான். அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் தன் அமைப்புகளை மறந்துவிடும். 'எப்-1 அழுத்து' என்று நிற்கும். ஹார்டு டிஸ்க்கை தேடாமல் நெட்வொர்க் கேபிளில் விண்டோஸ் தேடும். தேதி தப்பாக இருப்பதால் பேங்க், அரசு விண்ணப்ப தளங்கள் கூட 'பாதுகாப்பு இல்லை' என்று திறக்க மறுக்கும். சர்வர் கோளாறு என்று திட்டிக்கொண்டிருப்போம். உண்மையான குற்றவாளி அந்த குட்டி பேட்டரியாக இருக்கும்.

இரண்டாம் கட்டம்: புள்ளி சுற்றும் இடம்

விண்டோஸ் சின்னத்தில் நின்றால் பல காரணம் உண்டு. முதலில் பொறுமை. முந்தின நாள் அப்டேட் ஏறியிருந்தால் மறுநாள் ஒருமுறை தாமதம் ஆவது சகஜம். கரண்ட் போய் பாதியில் அணைந்திருந்தாலும், அடுத்த முறை டிஸ்க்கை சரிபார்த்துவிட்டு வரும். ஒரு நாள் மட்டும் என்றால் கவலை இல்லை. 2 நாள், 3 நாள் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

அடுத்து, 'ஷட் டவுன்' செய்யாமல் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுத்து பாருங்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். 2012-ம் ஆண்டு வந்த விண்டோஸ் 8 முதல், 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது வேலை செய்யும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு தூங்குகிறது. அந்த நினைவில் கோளாறு இருந்தால் மறுநாளும் அதே கோளாறோடுதான் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக புதிதாக தொடங்கும். சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

மூன்றாவது 'சேப் மோடு' சோதனை. ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய் 'ரீஸ்டார்ட்' தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் 4-ஐ அழுத்த வேண்டும். பழைய விண்டோஸ் 7 என்றால் தொடக்கத்திலேயே எப்-8 தட்ட வேண்டும். சேப் மோடில் மிக அவசியமான சாப்ட்வேர் மட்டும்தான் ஏறும். அதில் வேகமாக வந்தால், சமீபத்தில் ஏறிய சாப்ட்வேர் அல்லது டிரைவர் மேல் சந்தேகப்படலாம். அதிலும் ஆமை வேகம் என்றால் டிஸ்க், கேபிள், ரேம் என்று பாகங்கள் மேல் சந்தேகம் வலுக்கிறது.

மூன்றாம் கட்டம்: திரை வந்தும் வேலை ஓடாது

திரை வந்துவிட்டது. ஆனால் எதை தட்டினாலும் அசையவில்லை. இங்கே பெரும்பாலும் கூட்ட நெரிசல்தான் காரணம். பஸ் நிலையத்தில் ஒரே வாசலில் 20 பேர் முண்டியடிப்பது மாதிரி, கம்ப்யூட்டர் எழுந்ததும் 20 சாப்ட்வேர்கள் ஒரே நேரத்தில் ஓட முயலும்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், தொடக்கத்தில் ஓடும் சாப்ட்வேர்கள் பட்டியல் இருக்கும். தேவை இல்லாததை 'டிசேபிள்' செய்யலாம். சாப்ட்வேர் அழியாது, தானாக ஓடுவது மட்டும் நிற்கும். ஆண்டி-வைரசில் மட்டும் கை வைக்க வேண்டாம். பெயர் புரியாததையும் ஆராயாமல் அணைக்க வேண்டாம்.

2 ஆண்டி-வைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரே பைலை இரண்டும் மாறி மாறி சோதிப்பதால் கம்ப்யூட்டர் திணறிவிடும். கடையில் 2, 3 கம்ப்யூட்டரை கேபிளில் இணைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பக்கத்து கம்ப்யூட்டரோ அதில் மாட்டிய பிரிண்டரோ அணைந்திருந்தால், இந்த கம்ப்யூட்டர் அதை தேடியே நேரத்தை வீணாக்கும்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'பெர்பார்மன்ஸ்' பகுதிக்கு போய் 'டிஸ்க்' என்பதை தட்டுங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் படிக்கும் வேகம் மிக குறைவு, பதில் தரும் நேரம் மட்டும் ஆயிரக்கணக்கான மில்லி செகண்டு என்று நீண்ட நேரம் காட்டினால் உஷார். நல்ல டிஸ்க்கில் இது வழக்கமாக சில பத்து மில்லி செகண்டுதான். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச சாப்ட்வேரையும் போட்டு பார்க்கலாம். நீல நிறம் வந்தால் சுமார் நல்ல சேதி. மஞ்சள் அல்லது சிவப்பு வந்தால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்க கிளம்ப வேண்டியதுதான்.

வைரஸ் சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' 2017-ம் ஆண்டு முதல் இலவசமாக சுத்தம் செய்யும் சாப்ட்வேர்களை தருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

கடல் காற்றும் கரண்டும்

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வாணரப்பேட்டை போன்ற கடலோர பகுதிகளில் ஜன்னல் கம்பியே சீக்கிரம் துருப்பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். அதே உப்புக்காற்று கம்ப்யூட்டர் உள்ளேயும் போகிறது. ரேம் கார்டின் காலிலும் கேபிள் முனையிலும் மெல்லிய பாசி மாதிரி படிகிறது. இணைப்பு சரியாக இல்லாததால் டிஸ்க் தடுமாறும். 2 ரேம் கார்டு இருக்கும் மிஷினில் ஒன்று வேலை செய்யாமல் போய், 8 ஜி.பி. என்பது 4 ஜி.பி. ஆகிவிடும். 'மை கம்ப்யூட்டர்' மேல் வலது பட்டனை தட்டி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் ரேம் அளவு தெரியும்.

மெக்கானிக்குகள் ரேமை கழற்றி பள்ளிக்கூட ரப்பரால் காலை தேய்த்து மாட்டுவது இதற்குத்தான். தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சுவிட்சை அணைத்து, பிளக்கை பிடுங்கிய பிறகுதான் மூடியை திறக்க வேண்டும். கரண்ட் வரும் 'எஸ்.எம்.பி.எஸ்.' டப்பாவை மட்டும் எந்த காரணத்துக்காகவும் பிரிக்கக்கூடாது. பிளக்கை பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

தூசியும் ஒரு எதிரி. பேனில் தூசி அடைத்தால் பிராசசர் சூடாகும். சூடு ஏறினால் அதுவே தன் வேகத்தை குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் கம்ப்யூட்டர் திணறினால், முதலில் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து தூசியை தட்டலாம்.

புயல் காலம் தனி கதை. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி 'பெஞ்சல்' புயலின்போது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் பட்ட கம்ப்யூட்டரை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்தால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். மழைக்காலம் தொடங்கும் முன் சி.பி.யு.வை தரையில் இருந்து மேஜைக்கு ஏற்றிவிடுவது நல்லது.

பார்மட் எப்போது போடலாம்?

பார்மட் என்பது கெட்ட வார்த்தை இல்லை. விண்டோஸ் பைல்கள் கெட்டிருந்தால், வைரஸ் புகுந்திருந்தால், அது சரியான மருந்துதான். ஆனால் சாகும் டிஸ்க்கில் பார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றுவது, இடியும் சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரி. சில நாள் பளிச்சென்று இருக்கும். பிறகு மொத்தமாக விழும்.

எனவே சர்வீஸ் கடையில் 3 கேள்வி கேட்பது நம் உரிமை. 'டிஸ்க்கை டெஸ்ட் பண்ணீங்களா, ரிசல்ட் காட்டுங்க.' 'என் பைல் எல்லாம் எங்கே காப்பி எடுத்தீங்க?' 'மாத்தின பழைய பார்ட்டை கையில கொடுப்பீங்களா?' நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

டிஸ்க்தான் காரணம் என்றால், புதிதாக போடும்போது எஸ்.எஸ்.டி. போடுவதே லாபம். அதில் சுற்றும் தட்டு கிடையாது, எல்லாம் சிப்தான். பழைய மிஷினில் கூட விண்டோஸ் தொடங்கும் நேரம் கண்கூடாக குறையும். ஆனால் எஸ்.எஸ்.டி. சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும். அதனால் அதற்கும் காப்பி அவசியம்.

'விண்டோஸ் காலாவதி ஆகிடுச்சு, அதான் ஸ்லோ, புது மிஷின் வாங்குங்க' என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியும் வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. அதனால் பாதுகாப்பு குறையும் என்பதும் உண்மை. ஆனால் ஆதரவு முடிந்த ஒரே காரணத்துக்காக எந்த கம்ப்யூட்டரும் ராத்திரியோடு ராத்திரியாக ஆமை ஆகிவிடாது.

போனில் வரும் 'கம்பெனிக்காரர்'

கம்ப்யூட்டர் மெதுவானதும் இன்டர்நெட்டில் தேடி, அங்கே கிடைக்கும் நம்பருக்கு போன் போடுபவர்கள் ஜாக்கிரதை. திரையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று அலறும் அறிவிப்பும் மோசடிதான். எந்த பெரிய கம்பெனியும் தானாக போன் செய்து 'உங்க கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு' என்று சொல்லாது. தூரத்தில் இருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாப்ட்வேரை போடச்சொல்லி, பேங்க் பணத்தை சுருட்டுவதுதான் இவர்கள் வேலை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் ஷட்டர் இறக்கும் முன்

மீண்டும் அந்த கற்பனை கடைக்கே வருவோம். கடைக்காரர் அன்று பார்மட்டுக்கு ஓடவில்லை. மாணவியின் விண்ணப்பத்தை 8 நிமிடம் காத்திருந்து போட்டு கொடுத்தார். பிறகு வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கை வாங்கி வந்து கணக்கு, ஸ்கேன், பத்திரிகை டிசைன், எழுத்துரு என எல்லாவற்றையும் ஏற்றினார். 4 நாள் கழித்து பழைய டிஸ்க் ஒரேயடியாக கண்ணை மூடியது. அவருக்கு புது டிஸ்க்கின் விலை மட்டும்தான் நஷ்டம். காப்பி எடுக்காமல் இருந்திருந்தால்? வாடிக்கையாளர்கள் நம்பி கொடுத்த காகிதங்கள் எல்லாம் அந்த தட்டோடு போயிருக்கும்.

டிஸ்க் போனால் கடையில் வாங்கலாம். பைல் போனால் எந்த கடையிலும் கிடைக்காது. மெதுவாக எழும் கம்ப்யூட்டர் நமக்கு தொல்லை கொடுப்பதாக நினைக்கிறோம். பல நேரம் அது கடைசி எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த எச்சரிக்கை கிடைக்காமலேயே டிஸ்க் நின்றுபோனவர்களும் உண்டு. அதனால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே, சாயங்காலம் கடை ஷட்டரை இறக்கும் முன், ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.